ஒரே சிறுமி இரண்டு அணியில் ஆடலாமா? டாலஸ் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸை ஒட்டிய புறநகர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயரையும் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன். நீளமான கடிதம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 12 வயது. ஒரு சியர்லீடிங் ஜிம்மில் இது அவளுக்கு மூன்றாவது சீசன், ஜூனியர் லெவல் 2 அணி. ஜூனியர் என்பது வயதுப் பிரிவு, லெவல் எண் கூடக் கூடச் சாகசம் கடினமாகும். (ஐபிஎல் மைதான ஓரத்தில் ஆடுபவர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஆல்-ஸ்டார் எனப்படும் போட்டி விளையாட்டு. யாரையும் உற்சாகப்படுத்துவது இதன் வேலை இல்லை. இரண்டரை நிமிட ரொட்டீனுக்குள் குட்டிக்கரணம் அடிக்கும் டம்ப்ளிங், ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டண்ட், பிரமிடு, நடனம் எல்லாம் செய்து நடுவர்களிடம் மதிப்பெண் வாங்க வேண்டும்.) டிசம்பரில் அணியில் இரண்டு பேருக்கு அடிபட்டதும், அதே ஜிம்மின் லெவல் 4 அணியிலிருந்து நான்கு சிறுமிகளைக் கோச் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவர்கள் சொந்த அணியிலும் ஆடுகிறார்கள், இங்கேயும் ஆடுகிறார்கள். கிராஸ்ஓவர் என்று இதைச் சொல்வார்கள். அதுவரை ஃப்ளையராக, அதாவது மேலே ஏறி நிற்பவளாக இருந்த மகள் இப்போது பேஸ் ஆகி, தன் இடத்துக்கு வந்தவளைக் கீழே நின்று தூக்குகிறாள். அப்படி வந்தவள் தமிழ்ப் பள்ளியில் இவளோடு படிக்கும் நெருங்கிய தோழி. இரண்டு அம்மாக்களுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் நடந்த ஒரு பெரிய போட்டியில் அணி முதலிடம் பிடித்து, சீசன் முடிவில் ஆர்லாண்டோவில் நடக்கும் சம்மிட் என்ற பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது. திரும்பி வரும்போது காரில் மகள், “நாங்க ஜெயிக்கலம்மா, அவங்கதான் ஜெயிச்சாங்க” என்றாளாம். அரங்கத்தில் பக்கத்து வரிசையில் இருந்த வேறொரு ஜிம்மின் பெற்றோர், லெவல் 4 பிள்ளைகளை இறக்கி ஜெயிக்கிறார்கள் என்று இவர் காதுபடப் பேசியது வேறு குத்தியிருக்கிறது. இப்படி இருக்கும்போது போன வாரம் கோச் கூப்பிட்டு, யூத் லெவல் 1 அணிக்கு உங்கள் மகளைக் கிராஸ்ஓவராக எடுத்துக்கொள்கிறோம், அங்கே ஃப்ளையர் இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் தனி மாதக் கட்டணம், இரண்டாவது யூனிஃபார்ம். மகளுக்குக் கொள்ளை ஆசை. கணவர், “எல்லாரும் செய்யறதுதானே, நாளைக்கு காலேஜுக்கும் உதவும், சரின்னு சொல்லிடு” என்கிறார். இவருக்கு மனசு ஒப்பவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா, யாரிடம் புகார் கொடுப்பது, மகளை இப்போதே நிறுத்திவிடலாமா, நாமும் சரி என்றுவிட்டால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஜனவரியிலிருந்து மகளுக்கு மணிக்கட்டு வலி, ஐஸ் வைத்துச் சமாளிக்கிறோம்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், மணிக்கட்டு காத்திருக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு முன்கை எலும்பின் மணிக்கட்டுப் பக்க முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான். கையை ஊன்றி உடம்பு எடை முழுவதையும் அதில் இறக்கும் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த இடம் நசுங்கி வலிக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதால் ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னோக்கிப் பாய்ந்து கை ஊன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் செய்யும் சியர் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. நான் மனநல ஆலோசகர், எலும்பு டாக்டர் இல்லை. உங்கள் மகளுக்கு இருப்பது அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தைக்கு வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை ஐஸ் வைத்து ஓட்டுவது சரியில்லை. குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள், அதுவரை கை ஊன்றும் டம்ப்ளிங் வேண்டாம் என்று கோச்சுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். மெசேஜ் போதும். வலி இருப்பது கோச்சுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. பல பிள்ளைகள் இடம் போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைப்பார்கள். ஒரு தடவை இடத்தை இழந்த பிள்ளை இன்னும் அதிகமாக மறைப்பாள். மகளிடம் கோபப்படாமல் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

விதிப்படி இது ஏமாற்று இல்லை

ஒரே ஜிம்முக்குள் ஒரு பிள்ளை இரண்டு அணியில் ஆடுவது ஆல்-ஸ்டாரில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட விஷயம். வயதுப் பிரிவுகள், லெவல்கள், எந்த லெவலில் எந்தச் சாகசம் செய்யலாம் என்ற பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் வகுப்பது 2003 இல் தொடங்கிய யுஎஸ்ஏஎஸ்எஃப் கூட்டமைப்பு. போட்டியை நடத்துவது வேறு நிறுவனங்கள். கிராஸ்ஓவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, எந்த லெவலிலிருந்து எது வரை இறங்கலாம் என்பதைப் பெரிய போட்டிகள் தங்கள் விதிப்புத்தகத்தில் தனியாக எழுதுகின்றன, அது போட்டிக்குப் போட்டி, சீசனுக்கு சீசன் மாறுகிறது. பொய் வயது காட்டுவது, வேறு ஜிம் பிள்ளையைத் தங்கள் பிள்ளை என்று இறக்குவது, போட்டி விதித்த வரம்பை மீறுவது, இதெல்லாம்தான் ஏமாற்று. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இதில் நடைமுறைக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. பிப்ரவரிப் போட்டியில் செல்லுபடியான அதே ஆட்கள் சம்மிட்டிலும் செல்லுபடியாவார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த சீசனுக்கான சம்மிட் விதிகளை நீங்களே இறக்கி, கிராஸ்ஓவர் பகுதியைப் படியுங்கள். வந்த நான்கு பேரில் யாராவது அங்கே ஆட முடியாது என்றால் ரொட்டீனை மாற்ற வேண்டிவரும், உங்கள் மகளின் இடமும் மறுபடி மாறலாம். அது ஆர்லாண்டோ போவதற்கு முந்தின வாரம் அவளுக்குத் தெரியக் கூடாது, இப்போதே தெரிய வேண்டும். கோச்சிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், இதில் சண்டை எதுவும் இல்லை.

கிராஸ்ஓவரை ஏன் அனுமதிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு ஸ்டண்ட் குழு என்றால் பெரும்பாலும் நான்கு பேர்: இரண்டு பேஸ், பின்னால் ஒரு பேக்ஸ்பாட், மேலே ஒரு ஃப்ளையர். ஒருத்திக்குக் கால் சுளுக்கினால் மற்ற மூன்று பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான். கிரிக்கெட்டில் மாதிரி வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளை உள்ளே அனுப்ப முடியாது, மாதக்கணக்கில் ஒன்றாக எண்ணி எண்ணிப் பழகிய உடம்புகள் இவை. அதோடு, மேடையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்பத்தான் எத்தனை பேர் ஒரு சாகசத்தைச் செய்தால் மதிப்பெண் என்ற கணக்கும் போகிறது. 125 பேருக்கு உட்பட்ட ஜிம்களுக்கு டி2 என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சின்ன ஜிம்மில் ஒவ்வொரு லெவலுக்கும் வேறு வேறு பிள்ளைகள்தான் என்றால் பாதி அணிகள் கலைந்துபோகும். டிசம்பரில் இரண்டு பேருக்கு அடிபட்டபோது உங்கள் மகள் அணிக்கு அப்படி நேர்ந்திருக்கலாம். கிராஸ்ஓவர் வந்ததால்தான் மிச்சமிருந்தவர்களுக்கு சீசன் தொடர்ந்தது. உங்கள் கோபத்தில் இந்தப் பக்கம் தெரியாமல் போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அப்படியானால் உங்கள் மனசு உறுத்துவது தப்பா?

இல்லவே இல்லை. விதி அனுமதிப்பது எல்லாம் நியாயம் ஆகிவிடாது. உங்கள் உறுத்தலுக்குச் சரியான காரணம் இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டும் இடம் வேறு.

ஒரு பிள்ளை இரண்டு அணியில் ஆடுவது தன்னளவில் அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கப் பள்ளி நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாணவி பல போட்டிகளில் இறங்கலாம், ஆனால் ஒரு சந்திப்பில் அதிகபட்சம் நான்கு, அதில் தனிநபர் போட்டி இரண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. திறமையானவள் பல இடத்தில் ஆடுவதை யாரும் குறை சொல்வதில்லை, மற்றவர்களுக்கு இடம் மிஞ்ச வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

சியரில் சிக்கல் லெவல் இறங்கும்போது வருகிறது. லெவல் 2 இல் டம்ப்ளிங்கின் உச்சம் பேக் ஹேண்ட்ஸ்பிரிங். அதற்கு மேல் யாரும் செய்யவே கூடாது. உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்று என்றால் வெற்றியைத் தீர்மானிப்பது எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள் என்பதுதான்: முழங்கால் மடங்குகிறதா, கால் சேர்ந்திருக்கிறதா, மேலே நிற்பவள் தள்ளாடுகிறாளா. லெவல் 4 இல் நின்ற இடத்திலிருந்து, கை ஊன்றாமல் பின்னோக்கிக் குட்டிக்கரணம் (பேக் டக்) அடிக்கும் பிள்ளை லெவல் 2 க்கு இறங்கினால் அவளுக்கு அது தூக்கத்தில் செய்கிற வேலை. எதிரில் நிற்கும் ஜிம்மில் இந்த வருடம்தான் ஹேண்ட்ஸ்பிரிங் வந்த சிறுமிகள் இருப்பார்கள். லெவல் பிரித்ததே கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களோடு மோத வேண்டும் என்பதற்காக. என் கணிப்பில், ஒரு லெவல் இறங்கி வந்து ஆள் இல்லாத இடத்தை நிரப்புவது நியாயம். இரண்டு லெவல் இறங்கி, அதுவும் நான்கு பேராக வருவது நியாயமில்லை. இரண்டு பேருக்கு அடிபட்ட இடத்தில் நான்கு பேர் ஏன் என்பது நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பக்கத்து வரிசைப் பெற்றோர் சொன்னது காதுக்குக் கசப்பாக இருந்திருக்கும், ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் முடிவெடுத்தவர்கள் யார்? கோச், ஜிம் உரிமையாளர், வரம்பைத் தளர்வாக வைத்த போட்டி நிறுவனம். ஒரு ஜிம் இறக்கினால் அடுத்த ஜிம்மும் இறக்கும், இல்லையென்றால் தோற்கும், தோற்றால் பெற்றோர் வேறு ஜிம்முக்குப் போவார்கள். இதில் அந்தத் தோழிக்கு எந்தப் பங்கும் இல்லை. அவள் அம்மாவுக்கும் பெரிதாக இல்லை. அவளைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள்: இரண்டு அணிப் பயிற்சி, போட்டி நாளில் ஒரு ரொட்டீன் முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததற்கு வரிசையில் நிற்பது, அடிபடும் வாய்ப்பும் இரண்டு பங்கு, அதற்கு மேல் நெருங்கிய தோழியின் இடத்தில் ஏறி நிற்கிறோம் என்ற சங்கடம். அவளுக்குச் சுகம்தானே என்ற தொனி உங்கள் கடிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் வருகிறது. நான் ஆலோசனை கொடுக்கும் கிராஸ்ஓவர் பிள்ளைகளில் பலர் களைத்துப் போனவர்கள், முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள்.

ஃப்ளையரிலிருந்து பேஸுக்கு மாறியதைத் தரம் இறக்கியதாக நீங்கள் பார்க்கிறீர்கள். 11, 12 வயதில் உயரமும் எடையும் கூடும்போது இது நிறையப் பிள்ளைகளுக்கு நடக்கிறது, நல்ல பேஸ் கிடைப்பதுதான் கஷ்டம் என்று எந்தக் கோச்சும் சொல்வார். அவளுக்கு யாரும் காரணம் சொல்லாமல் மாற்றியதுதான் தவறு. கோச்சிடம் அதைக் கேளுங்கள், முடிந்தால் மகளையே கேட்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

மகள் காரில் சொன்னது

“நாங்க ஜெயிக்கல.” இதைக் கேட்டதும் நீங்கள், “அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு, நீயும்தான் ஜெயிச்ச” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அவள் அழவில்லை, சமாதானம் கேட்கவில்லை, தான் பார்த்ததைச் சொன்னாள். நீங்கள் அதை மறுத்ததும் பேச்சு முடிந்துவிட்டது. 12 வயதுப் பிள்ளைக்கு விதி ஒன்று, நியாயம் ஒன்று என்று பிரித்துப் பார்க்கத் தெரியும், அதை உங்களோடு பேச அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். மறுபடி அந்த இடத்துக்குப் போங்கள். அன்னிக்கு நீ சொன்னது எனக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு, ஏன் அப்படித் தோணிச்சு என்று கேட்டுவிட்டு, நடுவில் திருத்தாமல் கேளுங்கள்.

அவள் சொல்லி முடித்த பிறகு போட்டி வீடியோவை ஒன்றாகப் பாருங்கள். கிராஸ்ஓவர் நான்கு பேர், மற்றவர்கள் யார் யார், எந்த ஸ்டண்டை யார் தூக்கினார்கள், எங்கே விழப்போய்ப் பிடித்தார்கள் என்று அவளே சொல்லட்டும். ஒரு குழு சரிந்தாலும் மொத்த அணிக்கும் கழித்துவிடுவார்கள், அவள் தாங்கிய குழு சரியவில்லை. எதிரணிக்கு முழு நியாயம் நடக்கவில்லை என்பதும் உண்மை, அவள் தன் வேலையைச் சரியாகச் செய்தாள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவளுக்கு முடியும், நீங்கள் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை.

லெவல் 1 அணிக்கு சரி சொல்லலாமா?

இந்த சீசனில் வேண்டாம். தெளிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் மணிக்கட்டு. வலி இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது அணி என்பதே பேச்சுக்கு எடுக்க வேண்டாத விஷயம். அடுத்தது நேரம். இப்போது வாரம் 8 மணி நேரம், சேர்ந்தால் 13 ஆகும், ஞாயிறும் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஓர் எளிய கணக்கு உண்டு: வாரத்தில் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயதுக்கு 13 மணி நேரம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் வாரம் ஒன்றிரண்டு நாளாவது முழு ஓய்வு வேண்டும், ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விலகி இருக்க வேண்டும் என்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆல்-ஸ்டார் காலண்டர் இதற்கு ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். மே மாதம் ட்ரைஅவுட் எனும் அணித் தேர்வு, கோடையில் ரொட்டீன் அமைப்பது, குளிர்காலம் முழுக்கப் போட்டி, ஏப்ரல் மே வரை ஆர்லாண்டோ என்று வருடமே போய்விடும். அதனால்தான் கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

மூன்றாவதாக, அந்த ஃப்ளையர் இடம் யாருடையது? யூத் அணி என்றால் அங்கே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆள் குறைகிறது என்று கோச் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் பேஸ் குறைந்தால் பேஸுக்குத்தான் ஆள் தேட வேண்டும். ஏற்கெனவே ஃப்ளையராக இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு உங்கள் மகளை ஏற்றப் போகிறார்கள் என்றால், டிசம்பரில் உங்கள் வீட்டில் நடந்தது இப்போது இன்னொரு வீட்டில் நடக்கும். இதை மகளிடமே பேசுங்கள். திட்டுவதுபோல வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள்: நீ போனா அங்க யாராவது மாறணுமா, தெரியுமா? அவளுக்கு மேலே ஏறி நிற்கும் ஆசை இருக்கிறது, அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. மணிக்கட்டு சரியானால் மே மாத ட்ரைஅவுட்டில் ஃப்ளையர் இடத்துக்கு முயற்சி செய்யட்டும். அடுத்த சீசனில் யாரையும் நகர்த்தாமல் ஒரு காலியிடம் இருந்து, நேரமும் உடம்பும் இடம் கொடுத்தால், ஒரு லெவல் இறங்கிக் கிராஸ்ஓவராகப் போவதை நான் எதிர்க்க மாட்டேன். நீங்கள் அப்போது சரி என்றால் கொள்கை மாறியவர் ஆகிவிட மாட்டீர்கள். நீங்கள் எதிர்ப்பது கிராஸ்ஓவரை இல்லை, அதை நடத்தும் முறையை.

காலேஜ் விஷயத்தில் கணவரின் கணக்கு சரியில்லை. ஆல்-ஸ்டார் ஜிம் சியர், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விளையாட்டு இல்லை. 2010 இல் கனெக்டிகட்டில் குவின்னிபியாக் பல்கலைக்கழக வழக்கில், பெண்களுக்கான சம வாய்ப்புச் சட்டக் கணக்கில் போட்டி சியரை விளையாட்டாகச் சேர்க்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார், 2012 இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அதற்குப் பிறகு இதிலிருந்து கிளைத்த இரண்டு விளையாட்டுகளை, அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங் 2020 இலும் ஸ்டண்ட் 2023 இலும், வளர்ந்துவரும் பெண்கள் விளையாட்டுப் பட்டியலில் என்சிஏஏ சேர்த்தது. நாளை மகளுக்கு அதில் ஆர்வம் வந்தால் நல்லது. ஆனால் 12 வயதில் லெவல் 1 அணியில் வாங்கும் கோப்பையை எந்தக் கல்லூரியும் கேட்காது. அவர் எல்லாரும் செய்கிறார்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால், மகளின் மணி நேரக் கணக்கையும் டாக்டர் சொல்வதையும் காகிதத்தில் வைத்துப் பேசுங்கள். அவர் ஒரு பிள்ளையின் சந்தோஷத்தைத்தான் பார்க்கிறார், அது நல்ல இடத்திலிருந்து வருவதுதான்.

புகார், ஒப்பந்தம், நடுவில் நிறுத்துவது

பெயரில்லாமல் புகார் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். விதி மீறல் இல்லாத இடத்தில் புகாருக்கு வேலை இல்லை, எழுதினால் முதலில் சந்தேகம் விழுவது தோழியின் குடும்பத்தின் மீதோ உங்கள் மீதோதான், பிள்ளைகள் நடுவில் மாட்டுவார்கள். சம்மிட் விதியை மீறுகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் ஜிம் உரிமையாளரிடம், பிறகு போட்டி நடத்துபவரிடம், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். இது தனி, பிள்ளைகள் பாதுகாப்பு தனி. அடிபட்ட பிள்ளையை வற்புறுத்தி ஆட வைப்பது, அவமானப்படுத்துவது, தகாத தொடுதல் இதில் எதைப் பார்த்தாலும் யுஎஸ்ஏஎஸ்எஃப் புகார் பிரிவு இருக்கிறது. குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தாலே அரசுக்குத் தெரிவிப்பது டெக்சஸில் ஒவ்வொரு பெரியவருக்கும் சட்டப்படி கடமை.

மே மாதம் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எந்த அணி, எந்த இடம் என்பது கோச்சின் முடிவு என்று அநேகமாக அதில் எழுதியிருக்கும். அதனால் ஃப்ளையர் இடத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை கிடைக்காது. நடுவில் விலகினால் கட்டிய பணம் திரும்புமா, இன்னும் கட்ட வேண்டியது உண்டா, உடல்நலக் காரணம் என்றால் தனி ஏற்பாடு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். டாக்டர் சான்றிதழ் அப்போது உதவும். டாக்டர் ஓய்வு என்றால் விலகுவதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். டாக்டர் ஆடலாம் என்றால், என் யோசனை, சீசனை முடிக்கட்டும். கோபத்தில் இப்போது நிறுத்தினால் கோச்சுக்குத் தண்டனை கிடைக்காது, அவளோடு நிற்கும் மூன்று பிள்ளைகளுக்குக் கிடைக்கும், அதில் அந்தத் தோழியும் ஒருத்தி.

மாற்றம் வேண்டும் என்றால் அதற்கான நேரம் மே மாதம். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இன்னும் சில பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஜிம் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: கிராஸ்ஓவரை எப்போது கொண்டுவருவீர்கள், எத்தனை லெவல் வரை இறக்குவீர்கள், ஒரு அணிக்கு எத்தனை பேர், அதனால் இடம் மாறும் பிள்ளைக்கு யார் எப்போது சொல்வார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் டாலஸ் பக்கத்தில் வேறு ஜிம்களுக்குப் பஞ்சமில்லை. போட்டி நடத்துபவர்களுக்கும் சீசன் முடிந்ததும் எழுதுங்கள், இரண்டு லெவல் இறங்குவதைத் தடுக்க அவர்களால் மட்டும்தான் முடியும். பெற்றோர் சொல்லி இந்தத் தொழில் அசையாது என்று நினைக்காதீர்கள். கட்டணங்களைச் செயற்கையாக உயர்த்தியதாக, சம்மிட் உட்பட பெரிய சியர் போட்டிகளை நடத்தும் வார்சிட்டி நிறுவனத்தின் மீது பெற்றோர் தரப்பில் போட்ட வழக்கு 2024 இல் 8.25 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முந்தின வருடம் ஜிம்கள் தரப்பு வழக்கு 4.35 கோடி டாலரில் முடிந்திருந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம், ஆனால் பணம் கட்டுபவர்கள் சேர்ந்து நின்றபோது பேச்சுக்கு வந்தார்கள்.

தோழியின் அம்மாவிடம் நீங்களே முதலில் பேசுங்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று விளக்கம் கேட்க வேண்டாம். பிள்ளைங்க ரெண்டு பேரும் கஷ்டப்படறாங்கன்னு தோணுது, ஒரு காபிக்கு வாங்க என்று சொன்னால் போதும். அவர் மகளுக்கும் எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள். அவரும் வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கலாம், அப்படியானால் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.